செறகு எப்பம்?

முப்பந்தலில் காற்றாலைக்கு முதலில் கம்பம் வரும்,
பிறகு தலை.
அலகுகள் கடைசியில்தான்,
ஒவ்வொன்றும் தனி லாரியில்,
ஆரல்வாய்மொழி வளைவில்
நாகர்கோவில் பஸ்களை வரிசையாக நிறுத்திவைத்துக்கொண்டு.
பதினோரு வருஷம் அந்த அலகுகளின் வயிற்றுக்குள்
தவழ்ந்து விரிசல் தேடியவள் நான்.
பெர்வினிடம் அதனால்தான் சொன்னேன்:
இறக்கை கடைசியில்.

சூளைக்காரரிடம் வாடகைக்கு எடுத்த ஷெட்,
அகலம் இருபத்திரண்டு அடி.
பெட்டி பெட்டியாய் வந்திறங்கிய விமானமோ
முனைக்கு முனை இருபத்தெட்டு.
கணக்கைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி
அடியில் கோடும் போட்டேன்.
அவன் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
இறக்கை இல்லாத விமானத்தை
யார்தான் விமானம் என்பார்?
டீ கொண்டுவரும் பையனுக்கு அது வள்ளம்.
"கொளச்சலுக்கா கொண்டு போவிய?" என்றார்
ஸ்கூட்டரை நிறுத்திய மீன்காரர்.
சூளை மேஸ்திரி விரலால் தட்டிப் பார்த்து
"பொட்டிக்கு இது நீளம் கூடுதலாக்கும்" என்றார்,
சிரிக்கவில்லை.
போகும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே கேள்வி:
"செறகு எப்பம்?"

கையேடு சொல்வது இரண்டு தடவை.
முதலில் மாட்டு, அள,
துளையைச் சீர்செய், கழற்றிவிடு.
தையல்காரர் குண்டூசி குத்திப் பார்க்கும் சட்டைபோல.
அடுத்த தடவை மாட்டுகிறபோது
நீ நிற்பது பறக்கிற இடமாக இருக்க வேண்டும்.

ஆனி கடைசி, ஞாயிறு, விடியலில் காற்றே இல்லை.
உடம்பை வாசலுக்கு வெளியே உருட்டினோம்.
எஞ்சின் இன்னும் பெட்டிக்குள்.
இரண்டு இறக்கையும் ஏறின.
கொத்தனாரின் மட்டக்குழாயை
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்தோம்;
தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றபோது
பெர்வின் மூச்சுவிட மறந்திருந்தான்.
வாலிலிருந்து அளந்ததில்
மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். போதும்.
துளை போட்டாயிற்று, கழற்று என்றேன்.
ஒரு போட்டோ, என்றான்.
ஒன்று. பிறகு இன்னொன்று.
பிறகு அவன் தங்கச்சிக்கு வீடியோ கால்.

தூரத்தில் முதல் வரிசைக் காற்றாலைகள்
முகம் திருப்புவதைப் பார்த்தேன்.
இரண்டாம் வரிசை.
எனக்குத் தெரியும் அந்தக் கணக்கு,
கணவாயிலிருந்து இங்கே
நாற்பது எண்ணுவதற்குள்.
"பெர்வின்" என்று கத்தியது
எனக்கே கேட்கவில்லை.

அவன் வாலில் படுத்தான்.
நான் இறக்கையின் அடிவேரைக் கட்டிக்கொண்டேன்.
சக்கரத்துக்கு அண்டை கொடுத்த செங்கல்
தானாகச் சாய்ந்தது,
அதைத் தாங்கிக்கொள்ள அங்கே சக்கரம் இல்லாததால்.
ஒரு இருமல் நேரம்.
அப்புறம் தொப்பென்று தரை.

இருவரும் எதுவும் பேசாமல் எட்டு போல்ட்டையும் கழற்றினோம்.
ஏழு என்று வந்தது.
எட்டாவதைச் சூளை மணலில் காந்தம் கட்டிய குச்சியோடு
இருட்டும்வரை தேடினோம்.
கிடைத்தது என் மேல்சட்டைப் பையில்.

இறக்கைகள் இப்போது தோவாளையில், என் வீட்டில்,
பழைய போர்வை சுற்றி,
வாசல் நிலையிலிருந்து அடுக்களைவரை.
மீட்டர் பார்க்க வருகிறவர்
குனிந்து போய்க் குனிந்து வருகிறார்.
ஒன்றின் உள்ளே பல்லி குடியேறியிருக்கிறது.
ராத்திரி லைட்டை அணைத்த பின்
அது இறக்கை நெடுக நடப்பது கேட்கும்.

மாவட்டத்தில் ஓடுதளம் கிடையாது.
டெல்லிக் கடிதமும் இன்னும் வந்தபாடில்லை.
வந்தால் இதுவும் லாரியில்தான் போகும்,
உடம்பு முன்னால், இறக்கை பின்னால்,
அதே வளைவில்,
அதே பஸ்களை நிறுத்திவைத்துக்கொண்டு.
"செறகு எப்பம்?" என்கிறவர்களிடம்
ஆடி கழியட்டும் என்கிறேன்.
எந்த ஆடி என்று யாரும் கேட்பதில்லை.

விமானத்தின் பறப்புப் பதிவேடு இன்னும் வெள்ளை.
முதல் பக்கத்தில் மட்டும்
பெர்வின் பென்சிலால் எழுதியிருக்கிறான்:
விமானி: இல்லை. எஞ்சின்: இல்லை.
உயரம்: இரண்டு விரற்கடை.
இப்படியெல்லாம் எழுதக் கூடாது, சட்டப்படி தப்பு.
ரப்பர் மேஜையில்தான் கிடக்கிறது.